நிவாரணப் பொதியா, சமைத்த சாப்பாடா?

நிலா (ரொறன்ரோ):
எங்கள் பழைய மாணவர் சங்கம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு உதவக் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறது. உலர் உணவுப் பொதி கொடுப்பதா, சமைத்துக் கொடுப்பதா? இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்கிறார்கள் சிலர். 2022 பொருளாதார நெருக்கடியில் அங்கே நின்று வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கைவிரித்துவிட்டது. மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்தன. அதற்கு நன்றி. அப்புறம்? அன்றாடம் பசித்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் கைகொடுத்தார்கள்.

கொழுந்துக்கூடை:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்போது பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைத்தோம். அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய், பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) காலையும் இரவும் ரொட்டி. கோதுமை மா விலை ஏறியதும் முதலில் தன் பங்கைக் குறைத்தவர் தாய்.

பொதி வீட்டுக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் அதே, எட்டுப் பேருக்கும் அதே. கடன் இருந்தால் அதிலுள்ள பருப்பு கடைக்கே திரும்பிப் போகும், அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். சமைத்தால், வந்து உட்கார்ந்த பிள்ளை சாப்பிடும். சோறு, பருப்பு, கீரை, சில நாள் நெத்தலி. காஸ் கிடைக்காததால் விறகடுப்பு. தாய்மாரே முறைவைத்துச் சமைத்தார்கள்.

பெயர்ப் பட்டியலுக்குத் தோட்டத் தலைவர்மாரிடம் மட்டும் போகாதீர்கள். பிள்ளைக்காம்பரா அம்மாவை, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்ப்பவரைக் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில்) பெயர் இல்லாத வயதானவர்கள், கொழும்பில் வேலை போய்த் திரும்பிய பொடியன்கள், இவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். தொண்டு அமைப்புகள் தேவைப்படுவதே இவர்களுக்காகத்தான் என்பேன்.

நிலா (ரொறன்ரோ):
நன்றி அண்ணா. படுக்கையில் இருப்பவர்களுக்கு?

கொழுந்துக்கூடை:
அவர்களுக்குப் பொதிதான் சரி தங்கச்சி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். காசை ஒரே நாளில் கொட்டாமல் மாதாமாதம் அனுப்புங்கள். பாதியில் நின்றுபோன சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் தட்டோடு வந்து திரும்பிப் போவார்கள். ஒரு வருடத்துக்குத் தாங்கும் அளவில், ஒரேயொரு தோட்டத்தில் தொடங்கினால் போதும்.