தம்பியின் பி.எஃப். பணத்துக்கு வரிப் பிடித்தம்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் தம்பியின் பி.எஃப். கணக்கு தொடர்பாக விவரமறிந்தவர்களின் ஆலோசனை தேவை.

அவன் மணலியில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளும், பிறகு எண்ணூரில் வேறொன்றில் இரண்டரை ஆண்டுகளும் பணிபுரிந்தான். இரண்டாவது நிறுவனம் மூடப்பட்டுவிட்டதால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகப் பணத்தை எடுக்க நினைக்கிறான். ஐந்து ஆண்டு தொடர்பணி நிறைவடையாத நிலையில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள் என்பதும், பழைய கணக்கின் தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் முந்தைய பணிக்காலமும் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதும் தெரியும். அந்த மாற்றம்தான் நடக்கவில்லை. பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் பணி வரலாற்றைத் திறந்தால், முதல் நிறுவனத்துக்கு நேரே விலகிய தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கிறது. அதை ஆதார் ஓ.டி.பி. மூலம் நாங்களே பதிவு செய்துவிடுவோம்.

அதன்பின், மூடப்பட்ட நிறுவனத்தின் கணக்குக்குப் பழைய தொகையை மாற்ற இயலுமா? நிறுவனமே மூடப்பட்டு வேலை போனால் ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது என்ற விலக்கைக் கோர எந்தச் சான்று போதும்? பிடித்த வரியை வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்தான். ஆனால் வருமானம் நின்றுபோன வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு பெரும் சுமை.

ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்தில் இத்தகைய கணக்கை நேரில் சரிசெய்தவர்கள், என்னென்ன ஆவணங்கள் கேட்கப்பட்டன என்பதை அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.