பழைய சிறிய கார் வாங்குவோருக்கு: எந்த ஆண்டு மாடலைத் தவிர்ப்பது?

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ புதிதாக வந்து, வேலைக்குப் போக உடனடியாக ஒரு கார் தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள், "எந்தக் கம்பெனி கார் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பி மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் விற்கப்படும் கார், சில ஆண்டுகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறி, உள்ளுக்குள் வேறொரு வண்டியாகிவிடுகிறது. ஆகவே எந்த ஆண்டுகளில் எந்தப் பாகம் பழுதாகிறது, நீங்கள் பார்க்கும் காரில் அந்தப் பாகம்தான் இருக்கிறதா, இருந்தால் அது மாற்றப்பட்டுவிட்டதா என்ற மூன்றையும் விசாரிப்பதே பயன் தரும்.

ஃபோர்டு ஃபோகஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸிலும், 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டாவிலும் ஆட்டோமேட்டிக் என்று விற்கப்பட்ட பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ், உண்மையில் இரண்டு உலர் கிளட்சுகளைக் கணினி கொண்டு இயக்கும் அமைப்பு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது நடுங்கும். கால் வைத்தவுடன் கிளம்பாமல் தயங்கும். சில கார்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை நின்றுவிடும். இதற்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். இந்த கியர்பாக்ஸ் பற்றிப் புகார் செய்த வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக, ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டு அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கிளட்சுக்கு நீட்டிக்கப்பட்ட 7 ஆண்டு வாரன்டி இப்போது எல்லாக் கார்களுக்கும் முடிந்துவிட்டது. வண்டி பார்க்க அழகாக இருப்பதாலும் விலை குறைவாக இருப்பதாலும் புதிதாக வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது இதுதான் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அதே ஆண்டுகளில் வந்த மேனுவல் கியர் ஃபோகஸுக்கு இந்தக் குறை கிடையாது. கிளட்ச் மிதித்து ஓட்டிப் பழகியவர்கள் அதைத் தயங்காமல் பார்க்கலாம்.

இந்தக் குறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளமான தெருவில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு, நடக்கும் வேகத்திலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறும் இடங்களில், சொரசொரப்பான தரையில் ஓடுவது போன்ற அதிர்வு சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் தெரிந்தால், விற்பவர் சொல்லும் சமாதானம் எதையும் கேட்க வேண்டியதில்லை. பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் கொண்ட 2013 முதல் 2017 வரையிலான நிசான் சென்ட்ராவையும் இதே முறையில் சோதிக்கலாம். அந்த ஆண்டுகளின் சிவிடிக்கு நிசான் வாரன்டியை 84 மாதங்கள் அல்லது 84,000 மைல் வரை நீட்டித்தது என்பதே, குறை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குப் போதுமான சான்று.

ஹோண்டா சிவிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அதுவும் ஆண்டைப் பொறுத்தது. 2006 முதல் 2008 வரையிலும், 2009இன் தொடக்கத்திலும் வந்த 1.8 லிட்டர் சிவிக்குகள் பலவற்றில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்தது. ஹோண்டா அதற்கு 10 ஆண்டு வரை வாரன்டி கொடுத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டதால், பிளாக் மாற்றிய ரசீது இருந்தால் அந்தக் கார் வாங்கத் தக்கது, இல்லையென்றால் ஐயத்துக்கு உரியது. 2016இல் வந்த புதிய தலைமுறையில் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு வேறொரு சிக்கல்: கடுங்குளிரில் குறுகிய தூரமே ஓடும் கார்களில் பெட்ரோல் கசிந்து, எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலோடு கலந்து ஆயிலின் அளவு ஏறியது. அதே கார் 2 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சினுடனும் கிடைக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் வேலை, ஊரோ ஆறு மாதம் பனி என்றால், அதைத் தேடி வாங்குவதே சரி. டர்போதான் கிடைக்கிறது என்றால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் அந்தக் குறை இருக்கிறது என்று பொருள். 2016 முதல் 2018 வரையிலான சிவிக்குகளில் ஏசி கண்டென்சரும் கசியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெவர்லே குரூஸில், குறிப்பாக 2011 முதல் 2014 வரையிலான 1.4 லிட்டர் டர்போவில், வாட்டர் பம்ப் கசிவு பரவலாக இருந்தது. ஹீட்டரைப் போட்டவுடன் உள்ளே இனிப்பான வாடை வருகிறதா, பம்பைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்த படிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த விவரங்களை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் கம்பெனி, மாடல், ஆண்டு கொடுத்தால் உரிமையாளர்களின் புகார்களும், நிறுவனம் மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் கிடைக்கும். ஆனால் புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதிகம் விற்ற காருக்குப் புகாரும் அதிகமாக வரும்; அண்மையில் வந்த மாடலில் புகார் குறைவாக இருப்பதற்கு, அது இன்னும் பழுதாகும் வயதை எட்டவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். எது பழுதானது, எத்தனை மைலில் பழுதானது, சரிசெய்ய எவ்வளவு ஆயிற்று என்று வரிவரியாகப் படியுங்கள். டாஷ்போர்டு திரை செயல்படாமல் நின்றுபோகிறது என்ற நூறு புகார்களைவிட, 60,000 மைலில் கியர்பாக்ஸ் போனது என்ற பத்துப் புகார்கள் கனமானவை. ஒரு தலைமுறையின் முதல் ஆண்டைத் தவிர்ப்பது பொதுவாக நல்ல வழக்கம்தான் என்றாலும், அது மட்டும் போதாது. மேலே சொன்ன ஃபோகஸில் ஐந்து ஆண்டுகளும் அதே குறையோடுதான் வந்தன.

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆண்டை அப்படியே நம்பாமல், காரிலேயே பாருங்கள். ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வின் (VIN) எனப்படும், காரின் 17 இலக்க அடையாள எண் தெரியும். வட அமெரிக்கக் கார்களில் அதன் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும். ஏ என்றால் 2010, சி என்றால் 2012, ஜி என்றால் 2016, ஜே என்றால் 2018; ஐ என்ற எழுத்து வின் எண்ணில் வருவதே இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். 2014 மாடல் 2013 ஆகஸ்டில் தயாரானதாக இருப்பது இயல்பு. ஒரு குறை ஆண்டின் நடுவில் திருத்தப்பட்டிருந்தால், அந்த மாதமே உங்களுக்கு விடை சொல்லும்.

பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேறு, மோசமான மாடல் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் சேர்ந்தன. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உள்ளிருக்கும் அம்மோனியம் நைட்ரேட் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்தன. 2000களில் வந்த ஹோண்டா சிவிக்கும் டொயோட்டா கொரோலாவும் அதில் உண்டு. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அதே அரசுத் தளத்தில் வின் எண்ணைக் கொடுத்துப் பார்த்து, வேலை முடியவில்லையென்றால் டீலரிடம் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய காரை ரீகால் முடிக்காமல் விற்பதற்கு அமெரிக்காவில் டீலர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை; எனவே இதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

குளிர்நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவார்கள் என்பது நம்மில் பலருக்கு இங்கு வந்த பிறகே தெரிகிறது. அந்த உப்பு காரைத் துருப்பிடிக்க வைக்கும். 2004 முதல் 2009 வரையிலான மாஸ்டா 3 பின்சக்கர வளைவுகளில் துருப்பிடிப்பதற்குப் பெயர் பெற்றது. பனியே விழாத மாநிலத்தில் ஓடியதென்றால் அதே ஆண்டுக் கார் சுத்தமாக இருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ஹூண்டாய் எலான்ட்ரா, கியா ஃபோர்ட்டே பார்க்கும்போது, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார்தானா என்று கவனிக்க வேண்டும். 2011க்கும் 2022க்கும் இடையில் வந்த அத்தகைய கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி இல்லாததால், அவற்றைத் திருடுவது எளிது. கனடாவில் 2007 முதல் அது கட்டாயம் என்பதால் அங்கு இந்தச் சிக்கல் இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்து டீலர்கள் இலவச சாஃப்ட்வேர் அப்டேட் செய்து தருகிறார்கள். அது செய்யப்பட்டதா என்று கேட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வின் எண்ணுடன் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, அந்தக் காரை ஏற்கிறார்களா, பிரீமியம் எவ்வளவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.