தாம்பூலப் பையில் எந்தப் புத்தகம்?

பாலு: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 80ஆம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் குருக்களிடம் பேசி முடித்தாயிற்று. தாம்பூலப் பையில் என்ன போடலாம்? இரவுக்குள் சொல்லுங்கள். 150 பை.

கௌரி அத்தை: சில்வர் டப்பா

மூர்த்தி சித்தப்பா: மறுபடியுமா. வீட்டில் அடுக்க இடமில்லை

தீபா: புத்தகம் கொடுக்கலாமே? பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார்தானே

பாலு: நல்ல யோசனை. வசந்தி சித்தி, நீங்களே ஒன்று சொல்லுங்கள்

வசந்தி சித்தி: முதலில் தோன்றியது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நெஞ்சை விட்டுப் போகாதவர் அவருடைய அப்பா வேங்கடசுப்பையர். சங்கீத வித்துவான். மகனும் பாட்டில் பேர் வாங்க வேண்டும் என்று ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். கையில் காசில்லாத மனிதர், நல்ல ஆசிரியர் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். திருக்கடையூருக்குப் பக்கத்து ஊர், பொருத்தமாகவும் இருக்கும். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. 1942இல் அவர் காலமானதால் முடியாமலே நின்றுவிட்டது.

மூர்த்தி சித்தப்பா: செங்கல் மாதிரி இருக்கும். தேங்காயோடு வைத்தால் பை கிழியும்

கௌரி அத்தை: மாயவரம் ஸ்டேஷனுக்கு வேன் வருமா பாலு? எனக்கு முன் சீட்டு. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும்

பாலு: சொல்லியாயிற்று அத்தை

தீபா: சின்னதாகச் சொல்லுங்கள் சித்தி. ‘அம்மா வந்தாள்’?

கௌரி அத்தை: பேர் நன்றாக இருக்கிறதே. அதையே வாங்கு

வசந்தி சித்தி: அண்ணி, அது தி.ஜானகிராமன் நாவல், 1966. தன் தவறுக்குப் பரிகாரமாக மகனை வேதம் படிக்க அனுப்பிவிடும் அம்மாவின் கதை. எல்லோரும் அந்த அம்மா அலங்காரத்தைப் பற்றியே பேசுவார்கள். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் அதே வீட்டில் இருக்கிறாரே, அந்த அப்பா தண்டபாணி, அவரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கௌரி அத்தை: சிவ சிவா. டப்பாவே போதும்

சுரேஷ்: பாலு மச்சான், கும்பகோணத்தில் பித்தளை விளக்கு மொத்த விலைக்கு விசாரிக்கட்டுமா?

பாலு: விசாரிங்க மச்சான்

வசந்தி சித்தி: மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’ படித்தேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். என்ஜினீயரிங் படித்த ரேவதி, வீட்டார் பேச்சை மீறி ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். பெற்றவர்கள் வார்டு வாசலில் தவிக்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார், ஒன்றும் நடக்கவில்லை. விழாவில் கொடுக்கிற புத்தகம் இல்லை, தெரியும். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு நம் கலா நினைவுதான். அவள் நன்றாக இருக்கும்போதே நாம் போய் நிற்க வேண்டும். பத்திரிகை அடித்ததும் முதலில் அவள் வீட்டுக்குப் போகட்டும்.

மூர்த்தி சித்தப்பா: வசந்தி, குழுவில் எதற்கு இது

கௌரி அத்தை: அண்ணனுக்குத் தெரிந்தால் மணையிலேயே உட்கார மாட்டார்

தீபா: போன தீபாவளிக்குப் பெரியப்பாவே என்னிடம் கேட்டார், கலா அக்கா பெண் எந்த வகுப்பு என்று

கௌரி அத்தை: அண்ணனா?

தீபா: ஆமாம் அத்தை. பெரியம்மா காபி கொண்டுவந்ததும் பேச்சை மாற்றிவிட்டார்

சுரேஷ்: விளக்கு சின்னதா பெரியதா?

மூர்த்தி சித்தப்பா: இருப்பா. பாலு, நீ சொல்

பாலு: அம்மாவிடம் கேட்கிறேன் சித்தப்பா

வசந்தி சித்தி: அம்மா வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? உன் தங்கை அவள். உன் அப்பா தலையில் கலசத் தண்ணீர் ஊற்றும்போது பெற்ற பெண் எங்கேயோ இருந்தால் நன்றாகவா இருக்கும்?

பாலு: நன்றாக இருக்காது சித்தி. தெரிகிறது

கௌரி அத்தை: என்ன வகுப்பாம்?

தீபா: மூன்றாவது

கௌரி அத்தை: சரி. பத்திரிகையை நீயே கொண்டுபோய்க் கொடு வசந்தி. அண்ணனிடம் நான் பேச மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்

பாலு: பத்திரிகை இன்னும் அச்சுக்கே போகவில்லை அத்தை

சுரேஷ்: அப்போ புத்தகமா, விளக்கா?

மூர்த்தி சித்தப்பா: அது இருக்கட்டும். அண்ணிக்குக் கூறைப்புடவை யார் எடுப்பது?