கட்டாயப் பள்ளிப் படிப்பால் பிள்ளைகள் உண்மையிலேயே வளர்கிறார்களா?

கல்லடி அம்மா:
மகள் தரம் 5. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூஷன், சனி ஞாயிறும் தரம் 5 புலமைப்பரிசில் சோதனைக்கான வகுப்பு. முந்தி கோழி ஏன் முட்டையை உருட்டிவிடுகிறது, குஞ்சு உள்ளே எப்படி மூச்சு விடும் என்று கேட்டுக் கேட்டே என்னைக் களைக்க வைப்பாள். இப்போது எதைக் காட்டினாலும் "இது சோதனைக்கு வருமா அம்மா?" என்பதுதான். இலங்கையில் 5 வயது முதல் 16 வரை அனுப்பியே ஆக வேண்டும் என்பது சட்டம், சரி. அதனால் பிள்ளை கற்கிறதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

படுவான்கரை வாத்தி:
அக்கா, உங்கள் கவலை நியாயம். ஆனால் கோபத்தைச் சட்டத்தின் மேல் காட்டாதீர்கள். நான் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் போய்ப் படிப்பிக்கிறவன். வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகிவிடும், தாய் தகப்பன் வயல் வாடியில், மூத்த பிள்ளை வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தாய் வெளிநாட்டில் என்றால் சொல்லவே வேண்டாம். 1998 இல் 14 வயது வரை என்று வந்த கட்டாயத்தை 2016 இல் 16 ஆக்கினார்கள். அது இருப்பதால்தான் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் போய் நின்று "பிள்ளையை அனுப்புங்கோ" என்று கேட்க முடிகிறது. இல்லாவிட்டால் 14 வயதுப் பொடியன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்விடுவான், மறுகா திரும்பி வரவே மாட்டான்.

அக்கரைப்பற்று நானா:
சேர், வந்த பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதையும் பேசுங்கள். என் தம்பியின் மகன் தரம் 8, இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். ஒவ்வொரு வருசமும் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். அதே பிள்ளை போட் எஞ்சினைக் கழற்றி, காபரேட்டரைத் துடைத்து, ஒரு ஆணி மிஞ்சாமல் திரும்பப் பூட்டுவான். மூளை இல்லாத பிள்ளையா அது? எட்டு வருசம் வகுப்பில் இருந்தவனுக்கு வாசிக்க வராததை ஒருவரும் கவனிக்கவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆரையம்பதி தங்கச்சி:
அக்கா, சட்டம் கேட்பது பள்ளிக்கூடத்தைத்தான், ரியூஷனை அல்ல. புலமைப்பரிசில் வந்ததே வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கட்டும் என்றுதான். அதை ஊர்ப் போட்டியாக்கி, வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளையின் படத்தைச் சந்தியில் பெனராகக் கட்டுவது நாங்கள்தான். தாண்டாத பத்து வயதுப் பிள்ளையும் அதே சந்தியால்தானே நடந்து போகிறது. ஞாயிறு வகுப்பை நிறுத்திப் பாருங்கள்.

படுவான்கரை வாத்தி:
நானா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, வாசிப்பை ஆரம்ப வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டும். இனியும் காலம் போகவில்லை. கீழ் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கப்படுவான், அதனால் மற்றப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம். உதிரிப்பாகங்களின் பெயரைத் தமிழில் அவனையே எழுதச் சொல்லி, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் அதை வாசிக்க வையுங்கள், அப்புறம் எஞ்சினை எப்படிக் கழற்றுவது என்று அவனே நாலு வரி எழுதட்டும்.