சீசன் என்பதற்கு ‘ஆட்டப்பருவம்’: ஆபர்ன் 2013 கட்டுரையை முன்வைத்து

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டில் வரும் சீசன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் தொடர், பருவம், போகம், பருவகாலம் என நான்கு பரிந்துரைகள் இந்த இழையில் வந்துள்ளன. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரை, ஆபர்ன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் 2013 சீசனைப் பற்றியது. நான்கு சொற்களையும் அந்தக் கட்டுரையின் வாக்கியங்களிலேயே வைத்துப் பார்த்தேன்; அகராதியில் அழகாக நிற்கும் சொல், வாக்கியத்துக்குள் வந்ததும் இடறுவது நமக்குப் புதிதல்ல.

அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த அந்த அணி 2013 ஆகஸ்ட் 31 அன்று வாஷிங்டன் ஸ்டேட் அணியை 31-24 என்று வென்று தொடங்கி, 2014 ஜனவரி 6 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியிடம் 34-31 என்று தோற்று முடித்தது. மொத்தம் 14 ஆட்டங்கள். 12 வெற்றி, 2 தோல்வி. ஜனவரியில் வந்த தோல்வியும் 2013 கணக்கில்தான் ஏறும். ரஞ்சிக் கோப்பையை நாம் 2013-14 என்று எழுதுவதுபோல் அவர்கள் எழுதுவதில்லை, தொடங்கிய ஆண்டை மட்டுமே சொல்வார்கள். ஆகவே ‘2013 ஆம் ஆண்டு ஆட்டங்கள்’ என்று எழுதினால், தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டமே கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இதே அணியின் 2012 சீசனோ நவம்பர் 24 அன்றே முடிந்துவிட்டது. பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்றில்தான் வெற்றி. கடைசி ஆட்டத்தில் அதே மாநிலத்தின் அலபாமா பல்கலைக்கழக அணியிடம் 49-0 என்று தோல்வி. ஆறு வெற்றிகளாவது இருந்தால்தான் அதற்கு மேல் ஆட அழைப்பு வரும் என்பது பொது விதி. ஆகவே ஒரு சீசன் எத்தனை நாள் நீளும் என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை, அந்தந்த அணியின் வெற்றிகளே முடிவு செய்கின்றன. நாம் தேடும் சொல் இந்தப் பொருளைத் தாங்கவேண்டும்.

‘தொடர்’ இதைத் தாங்காது. தொடர் என்றால் பங்கேற்கும் அணிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று என்றுதான் நம் விளையாட்டுப் பக்கங்களைப் படித்துப் பழகியவர் கொள்வார். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் தனித்தனி அட்டவணையோடு ஆடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

‘பருவம்’ என்பதை முதலில் நானே ஆதரித்திருந்தேன், இப்போது பின்வாங்குகிறேன். ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன்கள் ஆடலாம் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நெடுங்காலம் நடப்பிலிருந்த விதி. இதை ‘மாணவர் ஐந்து ஆண்டுகளில் நான்கு பருவங்கள் ஆடலாம்’ என்று எழுதி, கல்லூரியில் படிக்கும் என் உறவுப் பெண்ணிடம் காட்டினேன். “அஞ்சு வருஷத்துக்குப் பத்து செமஸ்டர் வருமே, அதுல நாலுதான் ஆடணுமா?” என்று கேட்டாள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பருவத் தேர்வு என்றாலே செமஸ்டர் தேர்வுதான். போதாக்குறைக்குக் ‘கல்லூரிப் பருவம்’ என்று சேர்த்து எழுதினால் அது இளமைக் கால நினைவுக் கட்டுரையின் தலைப்பாகிவிடுகிறது.

‘போகம்’ என்ற பரிந்துரையைப் பலர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காவிரிப் படுகையில் சம்பா போகம் ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் அறுவடையாகிறது; ஆபர்னின் 2013 சீசனும் அப்படியே. விளைச்சலைப் பொறுத்தே பேச்சு என்பதும் பொருந்துகிறது. ஆனால் ‘ஆட்டப்போகம்’ என்று தலைப்பிட்டுவிட்டு, அது அந்தப் போகம் அல்ல என்று வாசகருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

‘பருவகாலம்’ இலங்கை விளையாட்டுச் செய்திகளில் புழங்கும் சொல், குறையும் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அது மழையையும் காய்ச்சலையும் நினைவூட்டும் என்பதே என் தயக்கம். ஆகவே ‘ஆட்டப்பருவம்’ என்று முன்மொழிகிறேன். முன்னொட்டு செமஸ்டரை விலக்கிவிடுகிறது. ‘2013 ஆட்டப்பருவம்’ என்று ஒற்றை ஆண்டோடும் இயல்பாக நிற்கிறது.

இதன் உட்பிரிவில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. முன்கூட்டியே அட்டவணையில் குறிக்கப்படும் பன்னிரண்டு ஆட்டங்களை, அதாவது ரெகுலர் சீசனை, ‘வழக்கமான பருவம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். 2013 நவம்பர் 30 அன்று ஆபர்ன் தன் மைதானத்தில் அலபாமாவுடன் ஆடியது அத்தகைய பன்னிரண்டாவது ஆட்டம். அதுவரை தோல்வியே காணாமல் முதலிடத்தில் இருந்தது அலபாமா. 28-28 என்ற நிலையில் நேரம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடி ஒரு நொடியைத் திரும்பப் பெற்றார். அந்த ஒரு நொடியில் 57 கெஜத் தொலைவிலிருந்து அலபாமா வெற்றிப் புள்ளிகளுக்காக உதைத்த பந்து கம்பத்தை எட்டாமல் இறங்க, எல்லைக்கோட்டருகே நின்ற ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, இடப்பக்க ஓரமாகவே மறுமுனை வரை ஓடி, ஆட்டத்தை 34-28 என்று முடித்தார். வழக்கமான என்ற அடைமொழியை இந்த ஆட்டத்தின் பக்கத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ‘குறித்த ஆட்டங்கள்’ என்போம். இந்த வெற்றியால்தான் ஆபர்ன் அட்லாண்டாவில் மிசூரியுடன் தான் சேர்ந்துள்ள பல்கலைக்கழகக் குழுவின், அதாவது மாநாட்டின் (கான்ஃபரன்ஸ்), பட்டத்துக்கு ஆடி 59-42 என்று வென்றது.

குறித்த ஆட்டங்கள் முடிந்தபின் அழைப்பு பெற்ற அணிகள் ஆடும் பவுல் ஆட்டத்தைக் ‘கிண்ண ஆட்டம்’ என்பதை ஏற்க இயலாது. பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கு கிண்ண வடிவில் கட்டப்பட்டதால் வந்த பெயர் அது, பரிசுக் கோப்பையால் வந்ததன்று. உலகக் கிண்ணம் என்று சொல்லிப் பழகிய இலங்கை நண்பர்கள் நிச்சயம் தடுமாறுவார்கள். பவுல் என்று ஒலிபெயர்த்தாலோ விவிலியத்தின் அப்போஸ்தலர் எழுந்து வருகிறார். அழைப்பின் பேரில் ஆடுவதால் ‘அழைப்பாட்டம்’ என்று செய்கையை வைத்தே பெயரிடலாம். இதில் ஒரு வசதியும் உண்டு. ஆபர்னும் அலபாமாவும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தை அயர்ன் பவுல் என்கிறார்கள். அது குறித்த ஆட்டமே, அழைப்பாட்டம் அன்று. அங்கே அயர்ன் பவுலைப் பெயராகவே விட்டுவிட்டால் குழப்பம் வராது.

மாநாடு என்ற சொல்லை மேலே மனமில்லாமல்தான் பயன்படுத்தினேன். 2013இல் பதினான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்த அந்த அமைப்புக்குக் ‘கூட்டணி’ பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.