தன் தலையில் தானே கத்தரி வைத்தவர்கள்

தண்டையார்பேட்டைக்காரன்

வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டு நான் மட்டும் நழுவினால் நன்றாக இருக்காது. முதல் போணி என்னுடையது.

2020 ஜூன் 1ஆம் தேதி சென்னையில் சலூன்களைத் திறக்கலாம் என்றார்கள். கொரோனாவுக்காக எங்கள் தெரு முனையில் தகரம் அடித்து அடைத்திருந்த நேரம். பக்கத்து ராயபுரம் மண்டலத்தின் தொற்று எண்ணிக்கையைத் தினமும் செய்தியில் கேட்டு வயிறு கலங்கிக் கிடந்தோம். கூட்டம் அடங்கட்டும், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். 19ஆம் தேதி ஊரடங்கை மறுபடி இறுக்கிப் பூட்டிவிட்டார்கள். முடி காதை மூடி, சட்டைக் காலரைத் தொட்டு, கழுத்தில் வேர்க்குரு வந்த பிறகுதான் தாடிக்கு வாங்கிய மிஷின் ஞாபகத்துக்கு வந்தது.

பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துப் பின்னந்தலையைப் பார்க்க வேண்டும். கேட்க எளிது. ஒரு கை கண்ணாடிக்குப் போய்விட்டது, ஒரு கை மிஷினுக்கு. காது மடலை மடித்துப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கண்ணாடியை வைத்துவிட்டுத் தடவிப் பார்த்தே வெட்டுவது என்று முடிவு செய்தேன். பாதி நன்றாகவே வந்தது. நடுவில் முடி அடைத்துக்கொண்டது. மிஷின் வாயில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சீப்பைக் கழற்றி, ஜன்னல் கட்டையில் தட்டி, ஊதி, அங்கேயே வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இழுத்த உடனே சத்தம் மாறியது. அதுவரை கரகரவென்று இருந்தது, திடீரென்று வழவழவென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் தோல்!

வலது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம். அலுவலகக் கூட்டமெல்லாம் காணொளியில்தானே, முகம் மட்டும்தானே தெரியும் என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் ரேஷன் கடை வரிசை. மூன்றடிக்கு ஒரு வட்டம் போட்டு நிற்க வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கு ஒரு மணி நேரம் என் பிடரியைத் தவிரப் பார்க்க வேறு எதுவும் இல்லை.

"தம்பி, புழுவெட்டா?" என்றார்.

நானே வெட்டிக்கொண்டது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். சின்ன வெங்காயத்தை நறுக்கி, எரிச்சல் எடுக்கும்வரை தேய்க்கச் சொன்னார். அடுத்த முறை பருப்பு வாங்கப் போனபோது மஞ்சள் பையிலிருந்து நான்கு வெங்காயத்தை எடுத்து என் கையில் வைத்தார். தேய்த்தேன். பொய் சொன்ன பிறகு மருந்தை மறுப்பது நியாயமாகப் படவில்லை.

வியாசர்பாடி இரட்டைச் சுழி

உச்சியில் சுழி ஒன்று இருந்தாலே முடி வட்டமாகத்தான் முளைக்கும், ஒரே திசையில் வெட்ட முடியாது. எனக்கு இரண்டு. இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று ஆயா சொல்வார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருக்க வேண்டும் என்பது ஒட்ட வெட்டிய பிறகுதான் தெரிந்தது. பதினைந்து நாள் தலையில் இரண்டு துடைப்பக்கட்டை நின்றது. நல்லவேளை, பெண் பார்க்கும் படலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பெரம்பூர், ரயில்வே குவார்ட்டர்ஸ்

நீங்கள் எல்லாம் கரண்டில் ஓடும் மிஷின்காரர்கள். எங்கள் வீட்டில் இருந்தது கை மிஷின். 1985இல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் நைனா வாங்கியது. ரயில்வே பணிமனையில் வேலை. இரும்பில் எதைக் கொடுத்தாலும் பிரித்து, எண்ணெய் விட்டு மாட்டிவிடுவார். அந்த நம்பிக்கையில் எங்கள் நான்கு பேர் தலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வாசலில் முக்காலி, கழுத்தில் பழைய வேட்டி. பெரியவனிலிருந்து வரிசை.

கை மிஷினைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு கைப்பிடியையும் விரலால் அமுக்கி அமுக்கி விட்டால்தான் பல் அசையும். அமுக்கி முடிப்பதற்குள் மிஷினை எடுத்தால் பாதி வெட்டிய முடியைக் கவ்விக்கொண்டு வேரோடு பிடுங்கும். நைனாவுக்கு முதல் இரண்டு தலை வரை விரலில் வலு இருக்கும். மூன்றாவது தலைக்கு விரல் மரத்துப்போகும். நான் நான்காவது. "ஆடாதே, ஆடாதே" என்பார். ஆடியது நான் அல்ல, அவர் விரல்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அழுது அடம்பிடித்து ஜமாலியா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். நாற்காலியின் இரு கைகள்மேல் பலகை போட்டு உட்கார வைத்து, வெட்டி முடித்துக் கழுத்தில் குட்டிக்கூரா பவுடர் போட்டார்கள். அந்த வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா ஏற இறங்கப் பார்த்தார். "பிசிறு விட்டிருக்கிறான்" என்றார், அவ்வளவுதான். மிஷின் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓடவில்லை. நைனா இருந்திருந்தால் ஓடியிருக்கும்.

கொடுங்கையூரிலிருந்து

பெண்களும் எழுதலாம் அல்லவா? எனக்கு இடுப்பு வரை முடி. டெங்கு வந்து எழுந்த இரண்டாம் மாதத்தில் கொட்டத் தொடங்கியது. கடுமையான காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது வழக்கம்தான், தானாக நிற்கும், திரும்ப முளைக்கும் என்று மருத்துவர் சொன்னார். அறிவுக்கு அது புரிந்தது. குளியலறைச் சல்லடையில் தினமும் ஒரு கைப்பிடி முடியைப் பார்க்கும் கண்ணுக்குப் புரியவில்லை. வாளித் தண்ணீரில் மிதக்கிறது, இட்லி மாவில் ஒன்று, குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ஒன்று. ஒரு நாள் மதியம் எல்லோரும் தூங்கும்போது மொட்டை மாடிக்குப் போய்ப் பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டுக் கத்தரியை வைத்தேன்.

பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி. அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். மழுங்கிய கத்தரி முடியை வெட்டாது, மடிக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் கற்றை மடிந்து வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. மென்று தின்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். கடைசி இழை விட்டபோது பின்னல் கையோடு வந்தது. அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கழுத்து தானாக முன்னால் வந்தது. மாடியில் காற்று நேரே பிடரியில் பட்டது, அதுவும் புதிது.

கீழே இறங்கினால் அம்மா. கல்யாணமான பெண், அதுவும் வெள்ளிக்கிழமை. ஒப்பாரிதான் என்று நினைத்தேன். எங்கள் அம்மா சீப்பில் வரும் சிக்கு முடியைக்கூடச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்து, தெருவில் முடி வாங்க வருகிறவரிடம் கொடுத்துப் பாத்திரம் வாங்குகிறவர். அவர் பின்னலை வாங்கி, நீளத்தை முழம் போட்டுப் பார்த்தார். பேசாமல் உள்ளே கொண்டுபோய்ச் சீயக்காய் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, மேல் நுனியைக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டினார். சவுரி.

அந்தப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதி வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறேன். மேலே அவருடைய நரை, பாதிக்குக் கீழே என்னுடைய கறுப்பு. ஒட்டவே இல்லை. அதன்மேல் மல்லிகைப்பூ வேறு. என் முடிக்கு அவ்வளவு பூ நான் வைத்ததே இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, சலூன் வைத்திருப்பவன்

முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். தண்டையார்பேட்டைத் தம்பி, உங்கள் வட்டத்தைப் போல அந்த ஜூலையில் எத்தனையோ பார்த்தேன். ஒன்றாம் எண் சீப்பு என்றால் 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும், இரண்டாம் எண் 6, நான்காம் எண் ஏறக்குறைய 13. முதல் தடவை நான்கில் தொடங்க வேண்டும். போதவில்லை என்றால் இறங்கலாம், ஏற முடியாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வெங்காயம் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் உங்கள் வட்டம் மூடியிருக்கும், அந்தப் பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மிஷின் கடித்து ரத்தம் வந்தது என்று சிலர் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிளேடைக் கழற்றிக் கழுவி மாட்டியிருப்பார்கள். அசைகிற பிளேடின் பல், அசையாத பிளேடின் நுனியைவிட மயிரிழையாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். சமமாக வைத்தாலே கடிக்கும், வெளியே நீட்டினால் கேட்கவே வேண்டாம். சுருட்டை முடிக்காரர்கள் ஈரத்தில் அளவு பார்க்கக்கூடாது. காய்ந்தால் அது பாதியாகச் சுருண்டுகொள்ளும். எண்ணெய்த் தலையில் மிஷினே வைக்காதீர்கள்.

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இவ்வளவு சொல்கிறவன் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்வானா என்றால், மாட்டேன். எந்தக் கடையிலும் பக்கத்து நாற்காலிக்காரர்தான் வெட்டுவார், செவ்வாய்க்கிழமை விடுமுறையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. மார்ச் 25 முதல் மே 31 வரை 68 நாள் கடை பூட்டியிருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டார். என் மனைவியிடம் கத்தரியைக் கொடுத்தேன். சீப்பை எப்படிப் படுக்க வைப்பது, கட்டை விரல் மட்டும் எப்படி அசைய வேண்டும் என்று பாடம் எடுத்தேன். பாடத்தை முடிக்கச் சொல்லி அவள் சொன்னது இது: "வாயை மூடிக்கொண்டு தலையைக் குனியுங்கள்." கடையில் நான் சொல்வதேதான், கொஞ்சம் மரியாதை குறைவாக.

காதுக்குப் பின்னால் பழக்கமில்லாத கையில் கத்தரிச் சத்தம் கேட்டால் தோள் தானாகத் தூக்கிக்கொள்கிறது. முப்பது வருடமாக "தோளை விடுங்கள்" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்! முடிவில் இடது கிருதா வலதைவிட விரல்கடை குட்டை. ஜூன் மாதம் கடை திறந்து, வருகிறவர்களின் பெயரையும் ஆதார் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் உட்கார்ந்தவர் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தார். "யார் வெட்டியது?" என்றார். "வேறு கடையில்" என்று சொல்லிவிட்டேன்.

தண்டையார்பேட்டைக்காரன்

அண்ணே, அந்தக் கிருதா?

பழைய வண்ணாரப்பேட்டை, சலூன் வைத்திருப்பவன்

இன்றும் அவள்தான் வெட்டுகிறாள். இப்போது வலது குட்டை.