குறித்த நாளில் பரம்பரையலகை நிறுத்துவது: சுண்டெலி முளைய வேலையில் கண்டவை

(சுண்டெலி வேலை செய்கிற சிலரின் உரையாடல்; ஒவ்வொருவரும் தமது ஊர்ப் பெயரில் பேசுகிறார்கள்.)

ஹந்தானை

கிரே-லொக்ஸ் முறையில், லொக்ஸ்-பி என்ற இரண்டு டி.என்.ஏ. குறிகளுக்கு நடுவில் உள்ள பரம்பரையலகைக் கிரே என்ற நொதி வெட்டி எடுத்துவிடும். கிரே-ஈஆர்டி2 என்பது டமொக்சிபன் மருந்து கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் கிரே. இந்த முறையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். டமொக்சிபன் ஊசி போட்ட நாளைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பரம்பரையலகு அன்றைக்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. தாய்க்குக் கொடுத்த டமொக்சிபனை அவளுடைய ஈரல் முதலில் 4-ஹைட்ரொக்சி டமொக்சிபனாக மாற்ற வேண்டும். அது முளையத்தை எட்டிய பிறகுதான் கலத்தின் குழியவுருவில் கட்டுண்டு கிடக்கும் கிரே-ஈஆர்டி2 கலக்கருவுக்குள் நுழையும். ஊசிக்கும் இதற்கும் இடையில் 6 முதல் 12 மணி நேரம் போய்விடும். வெட்டு அத்தோடு முடிவதுமில்லை, ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தொடரும். வெட்டுப்பட்ட பிறகும் ஏற்கெனவே எழுதப்பட்ட தூது ஆர்.என்.ஏ., கட்டப்பட்ட புரதம் எல்லாம் அப்படியே இருக்கும். நீண்டநாள் நிலைக்கும் புரதமாக இருந்தால், டி.என்.ஏ.யில் பரம்பரையலகு இல்லை, கலத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது என்ற நிலை. ஆகவே முளையத்தின் 8.5 ஆம் நாளில் விளைவு வேண்டுமானால் மருந்து 7.5 ஆம் நாளிலோ அதற்கு முன்னரோ போக வேண்டும். புரதம் எப்போது இல்லாமல் போனது என்பதை வெஸ்டர்ன் (புரதத்தைப் பிரித்துக் கண்டறியும் சோதனை) செய்தோ பிறபொருளெதிரிச் சாயமிட்டோ தனியாகப் பார்க்க வேண்டும்.

கரைசல்: 1 மி.லீ. சோள எண்ணெய்க்கு 20 மி.கி. டமொக்சிபன் தூள். குழாயை ஈயத்தாளில் சுற்றி, 37 பாகையில் இரவு முழுக்க ஆட்ட வேண்டும். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் தெளிவாகத் தெரிய வேண்டும். மாவுக்கட்டி போல ஏதாவது மிதந்தால் இன்னும் கரையவில்லை; அதை அப்படியே ஏற்றினால் ஒரு சுண்டெலிக்கு அதிகம், அடுத்ததற்கு ஒன்றுமில்லை. வளர்ந்த விலங்குக்கு வழமையான அளவு ஒரு கி.கி. உடலெடைக்கு 75 மி.கி., 5 நாட்கள் தொடர்ந்து. 25 கிராம் சுண்டெலிக்கு இது 1.9 மி.கி., அதாவது கிட்டத்தட்ட 0.1 மி.லீ.

கர்ப்பிணிக்கு இந்த ஐந்து நாள் முறையை நினைத்தும் பார்க்கக்கூடாது. ஒரே தடவை 2 மி.கி., கூடவே அதன் பாதி புரொஜெஸ்ட்ரோன், அதாவது 1 மி.கி., அதே எண்ணெயில் கரைத்துக் கொடுப்பது. புரொஜெஸ்ட்ரோனை விட்டால் கர்ப்பம் கலையும் தாய்கள் கூடும். சேர்த்தாலும் பல தாய்களால் தாமாக ஈன முடியாது. குட்டிகள் உயிரோடு வேண்டுமானால் 18.5 அல்லது 19 ஆம் நாளில் வயிற்றைத் திறந்து எடுத்து, அதே நாளிலோ முதல் நாளிலோ ஈன்ற வேறொரு தாயிடம் விட வேண்டும். வளர்ப்புத்தாயின் படுக்கைத் தூளைக் குட்டிகள் மேல் தடவிய பிறகு விடுவது நல்லது. இந்த வளர்ப்புத்தாயை முன்கூட்டியே ஒழுங்கு பண்ணாமல் பரிசோதனையைத் தொடங்குவது வீண் வேலை.

நானுஓயா

ஹந்தானை அக்கா சொன்ன மணிக்கணக்கு எல்லாம் முளையத்தின் வயது சரியாக இருந்தால்தான். நமது பக்கத்தில் வயது பிழைப்பதற்கு முக்கிய காரணம் மின்வெட்டு. சுவரில் செருகும் பல்சக்கர டைமர் மின்சாரம் போனால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று மணி நேர வெட்டு என்றால் விளக்கு மூன்று மணி நேரம் பிந்தும். இரண்டு வெட்டுக்குப் பிறகு சுண்டெலிகளின் நள்ளிரவு நமது விடிகாலை ஆகிவிடும். யோனி அடைப்பு (இணை சேர்ந்த பிறகு யோனியில் இறுகி நிற்கும் கட்டி) தெரிந்த அன்று நண்பகலை 0.5 ஆம் நாள் என்று எண்ணுவது, இருட்டு நேரத்தின் நடுவில் இணை சேர்ந்திருக்கும் என்ற அனுமானத்தில்தான். பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், அல்லது ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கையால் திருத்துங்கள்.

அடைப்பைக் காலை 9 மணிக்கு முன் பார்த்துவிட வேண்டும். வால் அடியைத் தூக்கினால் துவாரத்தில் வெளிர்மஞ்சள் மெழுகு போல ஒன்று தெரியும். ஆழமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மழுங்கிய மெல்லிய கம்பியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு விழுந்திருக்கும். அடைப்பு இருந்தால் இணை சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம், கர்ப்பம் என்று அல்ல. பெண்களை மூன்று நாள் முன்பிருந்தே ஆணின் அழுக்குப் படுக்கைத் தூளோடு வைத்திருந்தால் மூன்றாம் இரவில் கூடுதலான பெண்கள் வேட்கைக்கு வருவார்கள். அடைப்பு கண்ட பெண்ணை வேறு ஆணின் வாசனை படும் இடத்தில் விடாதீர்கள். முதல் சில நாட்களில் அந்நிய ஆணின் வாசனையே கர்ப்பத்தைக் கலைத்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரே கருப்பையில் உள்ள முளையங்கள் ஒரே வயதில் இருக்காது. குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் (உப்புத் தாங்கற்கரைசல்) முளையத்தைப் பிரித்தெடுத்து, முதுகுப் பக்கம் பக்கவாட்டு ஒளி விழும்படி திருப்பினால் சோமைட்டுகள், அதாவது முதுகு நெடுக சோடி சோடியாக உருவாகும் இழையக் கட்டிகள், மணிமணியாகத் தெரியும். பின்னங்கால் மொட்டிலிருந்து தொடங்காமல் முன்னாலிருந்து எண்ணுங்கள். ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு சோடி உருவாகிறது. அதனால் 6 சோடி வித்தியாசம் என்றால் அரை நாள். விகார முளையம் (பரம்பரையலகை இழந்தது) சிறியதாக இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், சோமைட் எண்ணிக்கை சமமான கூடப்பிறந்ததோடு வைத்துப் பாருங்கள். பாதி "குறைபாடுகள்" இந்த ஒரு ஒப்பீட்டில் காணாமல் போய்விடும்.

மஸ்கெலியா

ரிப்போட்டர், அதான் கிரே வெட்டினா சிவப்பா மின்ற அடையாளப் பரம்பரையலகு, சிவப்பா மின்னினா நம்ம பரம்பரையலகும் போயிருச்சுன்னு எடுத்துக்கலாமா அக்கா? எங்க குழுவுல ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொல்றாங்க.

பண்டாரவளை

எடுத்துக்கொள்ளக் கூடாது தம்பி. ரோசா26 என்ற குரோமோசோம் இடத்தில் வைத்த டொமேட்டோ (சிவப்பு ஒளிர் புரதம்) ரிப்போட்டரில் இரண்டு லொக்ஸ்-பி களும் கிட்டக் கிட்ட இருக்கும், கொஞ்சம் கிரே இருந்தாலே வெட்டுப்படும். உங்கள் பரம்பரையலகில் இரண்டுக்கும் நடுவில் பல ஆயிரம் டி.என்.ஏ. மூலச் சோடிகள் இருக்கலாம், குரோமாற்றின் (புரதத்தோடு சுற்றிய டி.என்.ஏ.) இறுக்கமாகவும் இருக்கலாம். ரிப்போட்டர் சிவந்த கலத்தில் உங்கள் பரம்பரையலகு ஒரு பிரதி போய் ஒன்று மிஞ்சியிருப்பது சாதாரணம். ரிப்போட்டர் கிரே இருந்த இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். நீக்கத்தைக் காட்ட நீக்கப்பட்ட அலீலுக்கென்று (பரம்பரையலகின் அந்தப் பிரதிக்கென்று) தனி பி.சி.ஆர். பிரைமர் வேண்டும்.

அந்தப் பிரைமரை வால் துண்டிலும் ஓட்டிப் பாருங்கள். நரம்புக்கென்று வாங்கிய கிரே, வாலிலும் நீக்கப் பட்டையைக் காட்டினால் விந்திலோ சூலிலோ கசிந்திருக்கிறது, அந்தக் குட்டி எல்லா இழையத்திலும் இழந்த ஒன்று. நெஸ்டின்-கிரே என்ற நரம்புக்கான சுண்டெலி வழியில் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. போதாததற்கு அந்தக் கிரே தனியாகவே உடல் எடையைக் குறைக்கும். பழைய டபிள்யூ.என்.டி.1-கிரேயில் இன்னொரு விதம்: நடுமூளையில் டபிள்யூ.என்.டி.1 பரம்பரையலகையே மிகையாக எழுதிவிடும். நரம்புமுகட்டு (நரம்புக்குழாயின் விளிம்பிலிருந்து பிரிந்து போகும் கலங்கள்) வேலைக்கு டபிள்யூ.என்.டி.1-'கிரே2' என்ற பிந்திய வழியை எடுப்பது இதனால்தான். ஆகவே கிரே உண்டு, ஃப்ளொக்ஸ் (இருபுறமும் லொக்ஸ்-பி வைத்த பரம்பரையலகு) இல்லை என்ற கட்டுப்பாட்டு விலங்கு கட்டாயம். அதற்கும் டமொக்சிபன் கொடுத்திருக்க வேண்டும். எண்ணெய் மட்டும் கொடுத்த விலங்கைத் தனிக்கூண்டில் வையுங்கள், பக்கத்து விலங்கின் கழிவிலிருந்தும் மருந்து போகும்.

இனச்சேர்க்கையில் கிரே, ஃப்ளொக்ஸ்/+ தந்தையை ஃப்ளொக்ஸ்/ஃப்ளொக்ஸ் தாயோடு விடுங்கள். வேண்டியது நாலில் ஒன்று, 8 முளையத்தில் 2. தாயிடம் கிரே இல்லாததால் இன்னொரு வசதி உண்டு. முளையத்தின் வகையை மஞ்சட்கருப் பையிலிருந்து பார்க்கும்போது தாயின் இழையம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பொய்யான கிரே பட்டை வராது. எதிர்மாறாகச் செய்தால் ஒவ்வொரு பையையும் மூன்று தட்டில் அலசினாலும் சந்தேகம் தீராது.

ஹட்டன்

வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது என்பதுதான் கிரேயின் குறை. பரம்பரையலகைப் போட்டு அணைக்க வேண்டுமானால் டெட் முறை, அதாவது டொக்சிசைக்கிளின் (டொக்சி) என்ற மருந்தால் இயக்கும் முறை. டொக்சிசைக்கிளின் கொடுத்தால் அணைவது 1992 இல் வந்த டி.டி.ஏ., கொடுத்தால் எரிவது 1995 இல் வந்த ஆர்.டி.டி.ஏ. இரண்டாவதுதான் முளைய வேலைக்குச் சுலபம். முதலாவதான டி.டி.ஏ. வகையில் (டெட்-ஓஃப்) மருந்தை நிறுத்தினாலும் பரம்பரையலகு உடனே எரியாது. டொக்சி எலும்பில் கல்சியத்தோடு ஒட்டி நின்று பல நாள் கசிந்துகொண்டிருக்கும். நிறுத்திய நாளைத் தொடங்கிய நாள் என்று எழுதினால் கணக்கு தப்பு.

தண்ணீரில் 2 மி.கி./மி.லீ. போடுங்கள் என்று பல இடத்தில் படிக்கலாம், ஆனால் கசப்புக்குச் சுண்டெலி குடிப்பதை நிறுத்தி உடல் வற்றிவிடும். 0.2 மி.கி.யில் தொடங்கிப் பாருங்கள், பல வழிகளுக்கு அதுவே போதும். சீனி 1 முதல் 5 வீதம். காய்ச்சி வடித்த நீரே வேண்டும், கல்சியம் உள்ள குழாய்த் தண்ணீர் டொக்சியைப் பிடித்துக்கொள்ளும். போத்தலை ஈயத்தாளில் மூடி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். மழைக்காலத்தில் சீனித்தண்ணீர் போத்தல் வாயில் பூஞ்சணம் கட்டும், தூரிகையால் கழுவிக் கண்ணால் பாருங்கள். உணவில் கலந்து கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கூடம் குளிரானால் சுண்டெலி அதிகம் தின்னும், மருந்தும் அதே விகிதத்தில் கூடும். டொக்சி மைற்றோகொண்ட்ரியாவின் புரதத் தொகுப்பையும் தடுக்கும். ஆகவே கட்டுப்பாட்டு விலங்குக்கும் அதே தண்ணீர்தான்.

ஹந்தானை

குளிரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நுவரெலியா காலையில் டமொக்சிபன் எண்ணெய் ஊசிக்குள்ளேயே தடித்துவிடும், குளிரூட்டியில் வைத்ததானால் படிகமும் இறங்கியிருக்கும். 37 பாகைக்குக் கொண்டுவந்து, தெளிந்த பிறகே இழுங்கள். ஏற்றிய பிறகு ஊசியை உடனே பிடுங்காமல் சில விநாடி பொறுங்கள், துளை வழியே எண்ணெய் திரும்பி வழியும். கருவுற்றிருக்கும் பணியாளர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

நானுஓயா

உயரத்தால் வரும் இன்னொரு தொல்லை கிருமிநீக்கி (அமுக்க நீராவிக் கலன்). நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதிக்கும். அமுக்கமானி 15 பி.எஸ்.ஐ. காட்டினாலும் உள்ளே வெப்பம் 118 பாகைதான், 121 அல்ல. படுக்கைத் தூளும் தீனியும் 121 பாகையில் கிடக்க வேண்டுமானால் முள் 18 பி.எஸ்.ஐ. வரை ஏற வேண்டும், உங்கள் கலன் அதைத் தாங்கும் என்று தகட்டில் எழுதியிருந்தால் மட்டும். இல்லையென்றால் நேரத்தைக் கூட்டி, சோதனை வித்திக் குப்பியை (வெப்பம் தாங்கும் பற்றீரிய வித்திகள் உள்ளது) மூட்டையின் நடுவில் வைத்துப் பாருங்கள், மேலே வைத்தால் எப்போதும் தேறிவிடும். பி.சி.ஆர்.க்கு டி.என்.ஏ. எடுக்க வால் துண்டை 95 பாகையில் 25 மில்லிமோலர் சோடியம் ஐதரொட்சைட்டில் அவிக்கும்போதும் இதே கதை. கொதிநீர்ப் பாத்திரம் அந்த வெப்பத்தைத் தொடாது, உலர் வெப்பக்கட்டையை வையுங்கள், மூடியைக் கிளிப்பால் இறுக்குங்கள். அரை மணி நேரம் போதும், பிறகு சம அளவு 40 மில்லிமோலர் டிரிஸ் பி.எச். 5.